பால்கனில் யார் யார்: ஒரே ஊருக்கு நான்கு பட்டியல்கள்

வட மாசிடோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 2005ஆம் ஆண்டிலிருந்து வேட்பாளர் நாடாகக் காத்திருக்கிறது. நாட்டின் பெயரை மாற்றினால்தான் வழிவிடுவேன் என்றது கிரேக்கம். 2018இல் பிரெஸ்பா ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2019இல் பெயருக்கு முன்னால் ‘வட’ சேர்ந்தது. அந்தப் பிரச்சினை முடிந்த கையோடு 2020இல் பல்கேரியா தடை போட்டது. 2022இல் எட்டிய சமரசத்தின்படி, நாட்டின் அரசியலமைப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் மக்களின் பட்டியலில் பல்கேரியர்களையும் சேர்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் அந்நாட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதில் தங்களைப் பல்கேரியர் என்று பதிந்தவர்கள் சுமார் 3,500 பேர்.

இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? பல்கேரியாவின் பார்வையில் மாசிடோனிய மொழி தனி மொழி கிடையாது. அது பல்கேரிய மொழியின் ஒரு வட்டார வடிவம். அதைப் பேசுபவர்களின் முன்னோர்கள் பல்கேரியர்கள் என்பதும் அந்த நாட்டின் நிலைப்பாடு. மாசிடோனியர்களோ, நாங்கள் தனி மக்கள், எங்கள் மொழி தனி மொழி என்கிறார்கள். 1992 ஜனவரியில் மாசிடோனியாவைத் தனி நாடாக முதலில் அங்கீகரித்ததே பல்கேரியாதான். நாட்டை ஏற்றுக்கொண்டது, மொழியை ஏற்கவில்லை.

பால்கன் என்னும் தென்கிழக்கு ஐரோப்பாவில் இது விதிவிலக்கான சண்டை இல்லை. அங்கே ஒரு மனிதரை ‘இவர் யார்’ என்று வகைப்படுத்தக் குறைந்தது நான்கு அளவுகோல்கள் நடைமுறையில் இருக்கின்றன.

1. மொழிமரபு: அவர் பேசும் மொழி எந்தக் குடும்பத்தில் பிறந்தது.
2. மதம்: அவருடைய பாட்டனார் எந்த வழிபாட்டுத் தலத்தின் பதிவேட்டில் இருந்தார்.
3. அரசின் பட்டியல்: எந்தெந்த மக்களுக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது.
4. சுய அறிவிப்பு: கணக்கெடுப்பாளர் கேட்டபோது அவரே என்ன சொன்னார்.

இந்த நான்கும் ஒரே விடையைத் தருவது அபூர்வம். பால்கன் செய்திகளில் பாதிக் குழப்பம், ஒரு அளவுகோலில் கேட்ட கேள்விக்கு இன்னொரு அளவுகோலின் விடையைச் சொல்வதால் வருவதுதான்.

மொழிக் குடும்பங்கள்: சண்டை குறைவான பகுதி

மொழிகள் எந்த மூதாய் மொழியிலிருந்து கிளைத்தன என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

1. தென் ஸ்லாவியம்: சுலோவேனியம், குரோஷியம், போஸ்னியம், செர்பியம், மான்டெனெக்ரியம், மாசிடோனியம், பல்கேரியம். பரப்பிலும் ஆள் எண்ணிக்கையிலும் பெரிய குழு.
2. லத்தீனின் வாரிசுகள்: ருமேனியம்; கிரேக்கம், அல்பேனியா, வட மாசிடோனியா மலைப்பகுதிகளில் பேசப்படும் அரோமேனியம்; 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் கிரேக்கத்தின் சலோனிகாவுக்கும் போஸ்னியாவின் சாரயேவோவுக்கும் கொண்டுவந்த லாதினோ.
3. கிரேக்கம், 4. அல்பேனியம்: இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் உடன்பிறப்பில்லாத தனிக் கிளைகள்.
5. இந்தோ-ஆரியம்: ரோமா மக்களின் ரோமானி.
6. துருக்கியம்: துருக்கி மொழியும், மால்டோவாவின் ககவூஸும்.
7. யூராலியம்: செர்பியாவின் வோய்வோதினாவிலும் ருமேனியாவின் திரான்சில்வேனியாவிலும் பேசப்படும் ஹங்கேரியம்.

ரோமானியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதன் எண்ணுப்பெயர்களை உச்சரித்தாலே அந்த மக்கள் வந்த வழி தெரிந்துவிடும். யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்று ஐந்துவரை இந்தி தெரிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை. தண்ணீருக்கு அங்கேயும் பானிதான். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வரும்போது எஃப்தா, ஒக்தோ, இன்யா என்று கிரேக்கத்துக்குத் தாவிவிடுகிறது. சாலைக்கு ‘த்ரோம்’ என்பதும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. வட இந்தியாவில் தொடங்கிய பயணம், கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் நெடுங்காலம் தங்கித்தான் ஐரோப்பாவுக்குள் போனது என்பதற்குப் பத்துக்குள் எண்ணினாலே சான்று கிடைக்கிறது.

ஆனால் மொழிமரபு மக்களின் மரபணுவையோ வம்சாவளியையோ சொல்லாது. பல்கேரியர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நூற்றாண்டில் டான்யூபைக் கடந்து வந்து அரசு அமைத்த பல்கர்கள் துருக்கிய வகை மொழி பேசியவர்கள். சில தலைமுறைகளில் அவர்கள் சுற்றியிருந்த ஸ்லாவியருடன் கலந்தார்கள். அவர்களுடைய பெயர் தங்கிவிட்டது, மொழி போய்விட்டது.

கிளைமொழியும் தரமொழியும்: சண்டை தொடங்கும் இடம்

ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலிருந்து கருங்கடல்வரை ஊர் ஊராக நடந்து போனால், தென் ஸ்லாவியப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். இந்த ஊரோடு ஒரு மொழி முடிந்தது, அடுத்த ஊரில் வேறு மொழி என்று கோடு போட முடியாது. இதைக் கிளைமொழித் தொடர்ச்சி என்பார்கள். செர்பியாவின் தென்கிழக்கு மூலையில் பேசப்படும் டோர்லாக் பேச்சு, இலக்கணத்தில் செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் பேச்சைவிட மாசிடோனியத்துக்கும் பல்கேரியத்துக்கும் நெருக்கம்.

தரமொழி என்பது இந்தத் தொடர்ச்சியில் ஏதோ ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எழுத்து, இலக்கணம், அகராதி, பாடநூல் செய்து கொடுப்பது. எந்தப் புள்ளியை எடுப்பது என்பது அரசியல் முடிவு. இதில் குரோஷியாவின் கதை விசித்திரமானது. அங்கே மூன்று பெரிய கிளைமொழிகள், ‘என்ன?’ என்று கேட்க ஒவ்வொன்றும் பயன்படுத்தும் சொல்லே அதன் பெயர். ‘ஷ்டோ’ என்பவர் ஷ்டோகாவியர், ‘காய்’ என்பவர் காய்காவியர், ‘ச்சா’ என்பவர் ச்சாகாவியர். தலைநகர் ஸாகிரெப் காய்காவியப் பகுதியில் இருக்கிறது. ஆனால் குரோஷியத் தரமொழி ஷ்டோகாவியத்தில் எழுந்தது. செர்பிய, போஸ்னிய, மான்டெனெக்ரியத் தரமொழிகளும் அதே ஷ்டோகாவியத்தில் எழுந்தவை. ஆக, ஸாகிரெபின் பழைய வீட்டுப் பேச்சுக்கும் குரோஷியத் தரமொழிக்கும் உள்ள தூரத்தைவிட, குரோஷியத் தரமொழிக்கும் செர்பியத் தரமொழிக்கும் உள்ள தூரம் குறைவு.

அப்படியானால் அவை ஒரே மொழியா? 1850இல் வியன்னாவில் கூடிய செர்பிய, குரோஷிய அறிஞர்கள் ஆம் என்றார்கள். 1954இல் நோவி ஸாடில் செய்த உடன்பாடும் ஆம் என்றது. 1967இல் குரோஷிய எழுத்தாளர்களும் மொழி நிறுவனங்களும் அறிக்கை விட்டு, எங்கள் மொழிக்குத் தனிப்பெயர் வேண்டும் என்றார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே நாடாக வைத்திருந்த யுகோஸ்லாவியா உடைந்த பிறகு, அந்தப் பொதுமொழிக்கு இருந்த செர்போ-குரோஷியம் என்ற பெயரே அரசு ஏடுகளிலிருந்து மறைந்தது. 2006இல் விடுதலை பெற்ற மான்டெனெக்ரோ, 2007 அரசியலமைப்பில் தன் மொழிக்கு மான்டெனெக்ரியம் என்று பெயர் வைத்து, 2009இல் நெடுங்கணக்கில் இரண்டு எழுத்துகளையும் கூட்டியது. 2017இல் நான்கு நாடுகளின் எழுத்தாளர்களும் மொழியறிஞர்களும் சேர்ந்து சாரயேவோவில் பொதுமொழி அறிக்கை வெளியிட்டார்கள்: இது ஒரே மொழி, நான்கு தர வடிவங்கள்.

வித்தியாசங்கள் இல்லாமல் இல்லை. காபி குரோஷியத்தில் ‘கவா’, செர்பியத்தில் ‘கஃபா’, போஸ்னியத்தில் ‘கஹ்வா’. பால் ஸாகிரெபில் ‘ம்லியேகோ’, பெல்கிரேடில் ‘ம்லேகோ’. மாதப் பெயர்கள் வேறு. குரோஷியம் லத்தீன் எழுத்து மட்டுமே, செர்பியம் சிரிலிக்கும் (ரஷ்ய வகை எழுத்து) லத்தீனும். ஆனால் ஒருவர் பேசுவதை மற்றவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புரிந்துகொள்கிறார். போஸ்னியாவின் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகம் மூன்று முறை அச்சிடப்பட்டிருக்கும், மூன்று அரசு மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பதற்காக. போஸ்னிய வரியும் குரோஷிய வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. செர்பிய வரியும் அதே சொற்கள்தான், சிரிலிக்கில். யுகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயம் வேறு வழியில்லாமல் பி.சி.எஸ். (Bosnian, Croatian, Serbian) என்று மூன்று தலையெழுத்துகளைச் சேர்த்து ஒரு மொழிப்பெயர் உண்டாக்கி, ஒரே மொழிபெயர்ப்பாளரை வைத்து வேலையை முடித்துக்கொண்டது.

மாசிடோனியத்துக்கு வந்தால், அது தரமொழியாக்கப்பட்டது 1945இல். அதற்காக மேற்கு மத்தியப் பகுதிப் பேச்சை, அதாவது பல்கேரியத் தரமொழிக்கும் செர்பியத் தரமொழிக்கும் கூடியவரை விலகிய பேச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘செயற்கையாக உண்டாக்கிய மொழி’ என்ற பல்கேரிய வாதத்தில் இந்த அளவுக்குத்தான் உண்மை. எல்லாத் தரமொழியும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததுதான். இரண்டும் நெருங்கிய மொழிகள் என்பதை மொழியியல் சொல்லும். தனி மொழியா என்பதற்கு மொழியியலில் தீர்ப்பு கிடையாது.

அண்டை வீட்டு இலக்கணம்

குடும்பமரம் சொல்லாத இன்னொரு உறவும் இங்கே உண்டு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘தி’ என்ற குறிப்பிடைச்சொல், பால்கன் மொழிகள் பலவற்றில் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ‘மனிதன்’ என்பது மாசிடோனியத்தில் ‘ச்சோவெக்’, குறிப்பிட்ட அந்த மனிதன் ‘ச்சோவெகோத்’. ருமேனியத்தில் ‘ஓம்’, ‘ஓமுல்’. அல்பேனியத்தில் ‘நியெரி’, ‘நியெரியு’. மூன்றும் மூன்று வெவ்வேறு கிளைகள், உத்தி ஒன்று. லத்தீனிலிருந்து வந்த பிரெஞ்சுக்கோ, ஸ்லாவியமான ரஷ்யத்துக்கோ இந்தப் பழக்கம் இல்லை.

இதேபோல ‘எழுத விரும்புகிறேன்’ என்பதை ‘விரும்புகிறேன், நான் எழுதுவதாக’ என்ற அமைப்பில் சொல்வதும் கிரேக்கம் முதல் பல்கேரியம்வரை பொது. செர்பியமும் அப்படியே சொல்லும். குரோஷியத் தரமொழி பழைய வினையெச்ச வடிவத்தை விரும்பும். நூற்றாண்டுகளாகச் சந்தையிலும் கல்யாணத்திலும் இரண்டு மூன்று மொழி பேசியவர்கள், சொல்லைக் கடன் வாங்குவதோடு நிற்காமல் இலக்கணத்தையே பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். கோபிதார் என்ற சுலோவேனிய அறிஞர் 1829இலேயே இதைக் கவனித்தார். 1920களில் ரஷ்ய மொழியியலாளர் த்ருபெத்ஸ்கோய் இதற்கு மொழி ஒன்றியம் என்று பெயர் வைத்தார். பின்னால் இதே கருத்தை மொழியியலாளர் எமனோ இந்தியாவுக்குப் பொருத்தி, திராவிட, இந்தோ-ஆரிய மொழிகளின் பொதுக்கூறுகளை 1956இல் விளக்கினார்.

மதம் இனமான கதை

உதுமானியப் பேரரசு மக்களை மொழியால் எண்ணவில்லை. மில்லத் என்ற மதச் சமூக அமைப்பால் எண்ணியது. கிரேக்கம், பல்கேரியம், செர்பியம், அல்பேனியம், அரோமேனியம் எது பேசினாலும், கிழக்கு மரபு (ஆர்த்தடாக்ஸ்) கிறித்தவர் என்றால் ‘ரூம்’ மில்லத். அதன் தலைவர் இஸ்தான்புல்லில் இருந்த கிரேக்கத் தேவாலய முதல்வர். போஸ்னிய முஸ்லிமும் அல்பேனிய முஸ்லிமும் துருக்கி முஸ்லிமும் ஒரே பட்டியல்.

1870இல் சுல்தான் பல்கேரியர்களுக்குத் தனித் தேவாலய நிர்வாகத்தை அனுமதித்தார். ஒரு மறைமாவட்டத்தின் கிறித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அதில் சேரலாம் என்பது ஏற்பாடு. இன்றைய நாட்டைவிடப் பெரிய நிலப்பகுதியாக இருந்த அன்றைய மாசிடோனியா முழுக்க ஊருக்கு ஊர் போட்டி தொடங்கியது. தேவாலயத்தோடு பள்ளிக்கூடமும் வந்தது. பள்ளிக்கூடத்தோடு பாடமொழியும், பிள்ளைகளுக்கு ‘நீங்கள் இன்னார்’ என்ற பாடமும் வந்தன. வீட்டில் ஒரே பேச்சு பேசிய இரண்டு குடும்பங்கள், எந்தப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் வாங்கின என்பதைப் பொறுத்து ஒன்று கிரேக்கர், இன்னொன்று பல்கேரியர் என்று எண்ணப்பட்டன.

இதன் விளைவைப் புள்ளிவிவரங்களில் பார்க்கலாம். 1889இல் கோப்செவிச் செர்பியத் தரப்பில் வெளியிட்ட கணக்கில் மாசிடோனியாவில் செர்பியர் 20 லட்சத்துக்கும் மேல், பல்கேரியர் 57,600. 1900இல் கன்ச்சோவ் வெளியிட்ட பல்கேரியக் கணக்கில் பல்கேரியர் சுமார் 11.8 லட்சம், செர்பியர் வெறும் 700. எல்லைக் கோடுகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தாலும் இந்த வேறுபாட்டை அது விளக்காது. கிராமங்களும் மனிதர்களும் அவர்களேதான், நெற்றியில் ஒட்டிய சீட்டுதான் மாறியது. 1912, 1913 பால்கன் போர்களை ஆராய்ந்த கார்னகி அறக்கட்டளை, 1914 அறிக்கையில் இப்படிப்பட்ட கணக்குகளைப் பக்கம் பக்கமாக வைத்தே அச்சிட்டது.

மத அளவுகோலின் உச்சம் 1923. கிரேக்கமும் துருக்கியும் லொசானில் ஒப்புக்கொண்ட கட்டாய மக்கள் பரிமாற்றத்தில், யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை மதம் மட்டுமே தீர்மானித்தது. சுமார் 12 லட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், நான்கு லட்சத்தை ஒட்டிய முஸ்லிம்கள் துருக்கிக்கும் போனார்கள். கப்படோசியாவின் கரமன்லிகள் வீட்டில் துருக்கி மொழி பேசி, அதையே கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள்; அவர்கள் ‘கிரேக்கர்கள்’. கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் ‘துருக்கியர்கள்’. இரு தரப்பும் தங்களுக்குப் புரியாத மொழி பேசும் தாய்நாட்டில் போய் இறங்கினார்கள்.

அல்பேனியர்கள் இதற்கு நேர்மாறு. சுன்னி, பெக்தாஷி (ஒரு சூஃபி மரபு), கத்தோலிக்கர், கிழக்கு மரபுக் கிறித்தவர் எல்லாம் அவர்களுக்குள் உண்டு. சேர்த்து வைத்தது மொழி. அதிலும் ஷ்கும்பின் ஆற்றுக்கு வடக்கே கெக், தெற்கே டோஸ்க் என்று இரண்டு கிளைமொழிகள். அன்னை தெரசா 1910இல் உதுமானிய ஆட்சியிலிருந்த ஸ்கோப்யேயில் பிறந்த அல்பேனியக் கத்தோலிக்கர். அவர் எந்த நாட்டுக்காரர் என்று அங்கே கேட்டால் உரையாடல் நீளும்.

யுகோஸ்லாவியாவின் இரண்டு படிகள்

கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் யுகோஸ்லாவியா மக்களை இரண்டு படிகளாக வைத்தது. கூட்டாட்சிக்குள் தனக்கென்று ஒரு குடியரசு உள்ள மக்கள் ‘நாரோத்’, தேசிய இனம். வெளியே தனக்கென்று ஒரு நாடு வைத்திருக்கும் மக்கள் ‘நாரோத்னோஸ்த்’, அதற்கு ஒரு படி கீழே. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் கொசோவோ பிரச்சினையின் பாதி புரிந்துவிடும். 1981 கணக்கெடுப்பில் அல்பேனியர்கள் 17 லட்சம், மான்டெனெக்ரியர்கள் ஆறு லட்சத்துக்கும் குறைவு. ஆனால் மான்டெனெக்ரியர்களுக்குக் குடியரசு, அல்பேனியர்களுக்குச் செர்பியாவுக்குள் கொசோவோ என்ற சுயாட்சி மாகாணம். 1990களில் குடியரசுகளுக்குத் தனி நாடாகும் உரிமையை ஐரோப்பா ஏற்றபோது கொசோவோ வெளியே நின்றது.

போஸ்னிய முஸ்லிம்கள் இன்னொரு வழியில் வந்தார்கள். மொழி ஒன்றாக இருந்ததால், நீங்கள் செர்பியரா குரோஷியரா என்று முடிவு செய்யுங்கள் என்று முதலில் வற்புறுத்தப்பட்டார்கள். 1960களின் இறுதியில் கட்சி நிலைப்பாட்டை மாற்றியது. 1971 கணக்கெடுப்பில் ‘தேசிய இனம் என்ற பொருளில் முஸ்லிம்’ என்று பதிய முடிந்தது. மத நம்பிக்கை இல்லாத கம்யூனிஸ்டுகூட இந்தப் பொருளில் முஸ்லிமாக இருக்கலாம். 1993இல், போருக்கு நடுவே, அவர்கள் தங்கள் பெயரைப் போஸ்னியாக் என்று மாற்றிக்கொண்டார்கள். போஸ்னியர் வேறு, போஸ்னியாக் வேறு என்பதைத் தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை: முன்னது நாட்டில் வாழும் யாரும், பின்னது ஒரு தேசிய இனம்.

யுகோஸ்லாவியர் என்றே பதிந்தவர்கள் 1981இல் 12 லட்சம் பேர். கலப்புத் திருமணக் குடும்பங்கள், நகரவாசிகள், ராணுவத்தார். நாடு போனபோது அந்தப் பெயரும் பெரும்பாலும் மறைந்தது.

பெயர் பதிவதால் என்ன ஆகிறது

1. மொழி உரிமை. வட மாசிடோனியாவில் 2001 ஓரித் ஒப்பந்தம், மக்களில் குறைந்தது 20 சதவீதம் பேர் பேசும் மொழிக்கு அரசு அந்தஸ்து தருகிறது. அதனால் கணக்கெடுப்பே ஒரு தேர்தல் போலாகிவிட்டது. யாரை எண்ணுவது என்ற தகராறில் 2011 கணக்கெடுப்பு பாதியில் நின்றது. 2002க்குப் பிறகு முழுக் கணக்கு கிடைத்தது 2021இல்தான்.

2. பதவி. போஸ்னிய அரசியலமைப்பு, அங்கே போரை முடித்த 1995 டேடன் ஒப்பந்தத்தின் இணைப்பாக எழுதப்பட்டது. அதன்படி போஸ்னியாக், குரோஷியர், செர்பியர் மூவர்தான் நாட்டை ஆக்கும் மக்கள். மீதி எல்லோரும் ‘மற்றவர்கள்’. மூவர் தலைமைப் பதவிக்கு ‘மற்றவர்கள்’ போட்டியிட முடியாது. ரோமா சமூகத்தைச் சேர்ந்த தெர்வோ செய்திச்சும், யூதரான யாகோப் ஃபின்ட்ஸியும் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் இதைப் பாகுபாடு என்றது. பதினைந்து ஆண்டு கடந்தும் அந்த விதி திருத்தப்படவில்லை. சுய அறிவிப்பு சுதந்திரமானது என்று சொல்வது எளிது. பட்டியலில் இல்லாத விடையைச் சொன்னால் விலை உண்டு.

3. இட ஒதுக்கீடு. கொசோவோ நாடாளுமன்றத்தின் 120 இடங்களில் 20 சிறுபான்மையினருக்கு. அதில் ரோமா, அஷ்காலி, எகிப்தியர் மூவருக்கும் தனித்தனியாகக் குறைந்தது ஓர் இடம். அக்கம்பக்கத்தார் இவர்கள் மூவரையும் ஒன்றாகவே பார்ப்பார்கள். அஷ்காலிகளும் எகிப்தியர்களும் அல்பேனியம் பேசுபவர்கள். நாங்கள் ரோமா இல்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள். வரலாற்றறிஞர்களிடம் விவாதம் இருக்கலாம், சட்டத்தில் மூன்று சமூகங்கள்.

4. மொழியின் பெயர். மால்டோவா நாடாளுமன்றம் 2023இல் சட்டங்களிலெல்லாம் ‘மால்டோவிய மொழி’ என்பதை ருமேனியம் என்று மாற்றியது. சோவியத் காலத்தில் ருமேனியாவிலிருந்து பிரித்துக் காட்ட வளர்த்த பெயர் அது. மாஸ்கோ ஆட்சேபித்தது. பேச்சில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

5. சொத்து. 1923 பரிமாற்றத்திலிருந்து கிரேக்கத்தின் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கு விலக்கு கிடைத்தது. அவர்களில் துருக்கியர், பல்கேரிய வகைப் பேச்சு பேசும் பொமாக்குகள், ரோமா எல்லோரும் உண்டு. கிரேக்க அரசுக்கு இன்றும் அவர்கள் ‘முஸ்லிம் சிறுபான்மை’ மட்டுமே. துருக்கியர் என்ற பெயரை அது ஏற்பதில்லை. குடும்ப வழக்குகளையும் அங்கே முஃப்திகள் இஸ்லாமியச் சட்டப்படி தீர்த்துவந்தார்கள். கொமோத்தினியில் ஒருவர் சாதாரண கிரேக்கச் சட்டப்படி உயில் எழுதி, சொத்து முழுவதையும் மனைவிக்கு வைத்துவிட்டு 2008இல் இறந்தார். அவருடைய சகோதரிகள் வழக்குப் போட்டார்கள். இறந்தவர் முஸ்லிம் சிறுபான்மையைச் சேர்ந்தவர், ஆகவே உயில் செல்லாது, இஸ்லாமிய வாரிசுச் சட்டம்தான் பொருந்தும் என்று 2013இல் கிரேக்க உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்த அம்மாவின் கையைவிட்டு முக்கால் பங்கு சொத்து போனது. ஒருவர் எந்தச் சிறுபான்மையாக நடத்தப்பட வேண்டும் என்பதை அவரைக் கேட்காமல் அரசு முடிவு செய்யக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜனவரியில் கிரேக்க நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தி, முஃப்தியிடம் போவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது.